ரோலருக்குப் பொட்டு வெச்ச மேனேஜர்

ஆயுத பூஜை முடிஞ்சதுலேர்ந்து எங்க ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின் பேப்பரை இழுக்கவே இல்ல.

"சிங்கவரத்துலேர்ந்து வரும்போது எதை மிதிச்சிட்டு வர்றம்மா? உன் கை பட்டாலே மெஷின் நின்னுடுது"ன்னு மேனேஜர் எல்லார் எதிரிலயும் என்னைப் பார்த்துச் சொல்லுவார். தினமும்.

இன்னைக்கு மெக்கானிக் வந்தார். பேப்பரை இழுக்கிற ரப்பர் ரோலரை ஈரத்துணியால துடைச்சார். துணி செக்கச்செவேல்னு ஆயிடுச்சு.

"இன்னாங்க இது, ரோலருக்கு சந்தனம் குங்குமம் வெச்சது யாரு? அப்புறம் எப்படி பேப்பரைப் பிடிக்கும்?"

பூஜையன்னிக்கு ட்ரேயை இழுத்து, உள்ளேயும் பொட்டு வெச்சது மேனேஜர்தான். ஆபீஸே அவரைத் திரும்பிப் பார்த்துது. அடிக்காத போனைக் காதுல வெச்சுக்கிட்டு வெளிய போயிட்டார்.

அந்தத் துணியை நான் துவைக்கல. அவர் சீட்டுக்கு நேர் எதிர் ஜன்னல்ல காயப் போட்டிருக்கேன். எப்ப எடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க.