பேத்தி வாயில் வைத்த நுங்கு

போன வருஷம் சித்திரை மாதம், பனவடலிசத்திரத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வருகிற வழியில், ரோட்டோரம் நுங்கு விற்கிற இடத்தில் நடந்தது இது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கொத்தனாருக்குக் கையாளாகச் சாந்துச் சட்டி சுமந்தவன், இன்றைக்குச் சொந்தமாக ஹாலோ பிளாக் களம் வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் புதிதாக எழும்புகிற காம்பவுண்டுச் சுவர்களில் பாதி என் கல்தான். சந்தேகம் இருந்தால் வந்து பார்க்கலாம். எனக்கு யாரும் எதையும் சொல்லித் தந்தது கிடையாது. அதனாலேயே அடுத்தவர் சொல்வதைக் கேட்கிற பழக்கம் எனக்கு வரவில்லை. அதையும் ஒரு பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மகனுக்குச் சென்னையில் வேலை. மருமகளும் பேத்தியும் எங்களோடு இருந்தார்கள். ஆறு மாதம் முடிகிற வரை பேத்திக்குத் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்க மருமகள் விடவில்லை. அதன்பிறகு சாப்பாடு ஆரம்பித்தாள். எப்படி? சோற்றைக் கூழாக மசித்து, அதில் தாய்ப்பாலையே கொஞ்சம் விட்டு, இரண்டு ஸ்பூன். அது மூன்று நாள் ஒத்துக்கொண்டால்தான் அடுத்தது. பருப்புக்கு மூன்று நாள், பூசணிக்காய்க்கு மூன்று நாள். கேட்டால், அங்கன்வாடியில் சொல்லிக் கொடுத்தார்கள் என்பாள்.

“ஏம்மா, ஒரு வாழைப்பழத்துக்கு மூணு நாளு பரீட்சையா? ரிசல்ட்டு எப்ப வரும்?” என்று கேலி செய்வேன்.

“உங்க பேத்தி பாஸாயிட்டா மாமா. நீங்கதான் குறுக்க குறுக்க பேசி அவளைச் சாப்பிட விடமாட்டேங்கிய.”

“நான் நாலாம் மாசத்துலயே கேப்பைக் கூழு குடிச்சவன். இன்னைக்கும் ஒத்தையில சிமெண்ட் மூடையைத் தூக்குதேன், பாத்தியா?”

“தூக்குதிய, பொறவு முதுகுக்குத் தைலம் தேய்க்கது யாரு?” என்று அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வரும்.

பேத்திக்கு எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. மருமகளின் அம்மா வீட்டுக்குப் போய் அங்கே தங்கியிருந்த மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். கார் நான்தான் ஓட்டினேன். நல்ல வெயில். ரோட்டோரம் பனையடியில் நுங்கு குவித்து வைத்திருந்ததைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினேன். இறங்கின நேரம் மகனிடமிருந்து போன் வந்தது. சிக்னல் சரியாக இல்லை. “மாமா, பிள்ளையைப் பாத்துக்கோங்க” என்று என் கையில் கொடுத்துவிட்டு, மருமகள் பத்தடி தள்ளிப் போய்ப் பேசினாள்.

நுங்கைப் பற்றி எனக்குத் தெரியாததா? கண்ணைப் பார்த்தே எது இளசு, எது முற்றல் என்று சொல்லிவிடுவேன். விரலால் ஒரு சுளையைத் தோண்டி எடுத்து, தோலை உரித்தேன். பேத்தி அதையே பார்த்து வாயைச் சப்புக்கொட்டினாள். எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. பல்லே வேண்டாத பண்டம், தண்ணீர் மாதிரி உள்ளே போய்விடும், இதற்குப் போய் யாரிடம் கேட்பது? முழுச் சுளையாகவே அவள் வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவளும் சப்பினாள்.

“அண்ணாச்சி, சின்னப் பிள்ளைக்கு நறுக்கிக் குடுங்க” என்றார் நுங்கு வெட்டுகிறவர்.

“நீரு உம்ம வேலையைப் பாரும் வே” என்றேன்.

அந்தப் பேச்சு முடியவில்லை. சுளை என் விரலிலிருந்து வழுக்கிவிட்டது.

இருமலாவது வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அழுகையும் இல்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. கண் பெரிதாகி என்னையே பார்க்கிறாள். முகம் சிவந்து, உதடு நீலம் பாய ஆரம்பித்தது. நான் விரலை விட்டுத் தோண்டினேன். கையில் தட்டுப்பட்டது, ஆனால் இன்னும் உள்ளேதான் போயிற்று. ஐம்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவன், நடுரோட்டில் “யாராவது வாங்களேன்” என்று கத்தினேன். மருமகள் போனைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

அவளுக்கு முன்னால் வேறொரு பெண் வந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற வேனிலிருந்து இறங்கி வந்தவள். புர்கா போட்டிருந்தாள், முப்பது வயது இருக்கலாம்.

“விரலை விடாதீய! பிள்ளையை இங்கன தாங்க!” என்று என் கையிலிருந்து பறித்தாள்.

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, பிள்ளையைத் தன் முன்னங்கையில் குப்புறப் படுக்கவைத்து, தொடையில் தாங்கிக்கொண்டாள். தலை கீழே சாய்ந்திருந்தது, தாடையை விரலால் பிடித்திருந்தாள். மற்ற உள்ளங்கையால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஓங்கி அடித்தாள். ஒன்று. இரண்டு. அந்தச் சின்ன முதுகில் விழுந்த அடி என் நெஞ்சில் விழுந்தது. மூன்று. நான்கு. நான்காவது அடியில் சுளை தெறித்து மண்ணில் விழுந்தது.

பேத்தி வீறிட்டு அழுதாள். பிள்ளை அழுதால் எனக்குப் பொறுக்காது. அன்றைக்கு அந்த அழுகை நின்றுவிடக் கூடாதே என்று இருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் பிள்ளையை மருமகளின் தோளில் போட்டாள். “அழாதம்மா, மூச்சு நல்லா வருது. ஆனாலும் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க, டாக்டரு ஒருவாட்டி பாக்கணும்.”

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்தேன். சட்டைப்பையில் இருந்த ரூபாயை அப்படியே எடுத்து நீட்டினேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “அதை உள்ள வைங்க பெரியவரே. என் மகனுக்கு ஊசி போடப் போனப்ப ஒரு நர்ஸம்மா ஓசியாத்தான் இதைச் சொல்லிக் குடுத்தாங்க. வழுக்குற பண்டம்தான் தொண்டையில போய் அடைக்கும். இனி எதைக் குடுத்தாலும் மசிச்சுக் குடுங்க, என்ன?”

“சரிம்மா” என்றேன். என் வயதில் பாதிகூட இல்லாத ஒருத்தியிடம் நான் மறுபேச்சில்லாமல் சரி சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது என் அம்மா நினைப்பு வந்தது. அம்மா பெற்றது ஏழு, தங்கினது நாலு. மற்ற மூன்றையும் “சிறுசுலயே போயிட்டு” என்று மட்டும் சொல்வாள். எப்படிப் போயிற்று என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. தங்கின நாலில் ஒருவன் நான். கூழு குடித்துத்தான் வளர்ந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லி வந்தேன். வளராமல் போனவர்கள் வந்து சொல்ல முடியுமா?

மருமகள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலைந்து நாள் பிள்ளையை என் கையில் தரவும் இல்லை, நானும் கேட்கவில்லை. இனி நம்பித் தரமாட்டாள் என்றே நினைத்தேன். மகனிடம் நானே போனில் நடந்ததைச் சொன்னேன். “வழுக்கிட்டுன்னு சொல்லாதீங்கப்பா, நறுக்கிக் குடுக்கச் சொன்னவரு பேச்சைக் கேக்கலைன்னு சொல்லுங்க” என்று நுங்குக்காரர் சார்பில் அவன் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினான். கேட்டுக்கொண்டேன்.

ஆறாவது நாள் காலையில் மருமகள் ஒரு கிண்ணத்தில் பருப்புச் சோறு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“மாமா, நான் சொல்லுத மாதிரி ஊட்டுவியளா?”

“சொல்லும்மா.”

“அவளை நிமிர்த்தி உக்கார வைங்க. ஸ்பூனு நுனியில கொஞ்சமா. முழுங்கின பொறவுதான் அடுத்தது. தலையைத் திருப்பினா விட்டுரணும், திணிக்கக் கூடாது.”

அப்படியே ஊட்டினேன். அவள் பாதியைத் துப்பினாள், பாதியைத் தின்றாள், மீதியை என் மீசையில் தேய்த்தாள். மருமகள் பக்கத்திலேயே நின்றாள். மறுநாளும் நின்றாள். ஒரு வாரம் கழித்து, “மாமா, துணி காயப் போட்டுட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். எத்தனையோ பேர் என்னை நம்பி எத்தனையோ வேலையை ஒப்படைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அவள் ஒப்படைத்ததற்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை.

இன்றைக்குப் பேத்தி ஓடி விளையாடுகிறாள். சும்மா சொல்லவில்லை, கட்டி இல்லாமல் சோறு மசிக்க என்னை மிஞ்சி எங்கள் தெருவில் ஆள் கிடையாது. இதை எழுதச் சொன்னதும், என் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தந்ததும் மருமகள்தான்.

பதற்றத்தில் அந்தப் பெண்ணிடம் பேர்கூடக் கேட்கவில்லை. பிறகு போய் விசாரித்ததில், கடையநல்லூர் வேன் என்பது மட்டும்தான் நுங்குக்காரருக்குத் தெரிந்திருந்தது. எங்கே இருக்கிறாளோ, என் பேத்தி ஒவ்வொரு வாய் விழுங்கி முடிக்கும்போதும், முகம்கூடச் சரியாக ஞாபகமில்லாத அந்தப் பெண்ணும் அவள் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும் என்று என் மனசு தானாகச் சொல்லிக்கொள்கிறது.