இரைச்சல் நின்ற கரவன்

1. காரில் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான அப்பாவின் பழைய கரவனுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தினேன்.
2. பற்றரிக்குச் சக்தி கொடுக்கும் பழைய கொன்வேட்டரைக் கழற்றினேன். சூடேறிய தூசி மணத்தது.
3. புதியதைப் பூட்டி மின்சாரத்தைப் போட்டேன். அது சத்தமே போடவில்லை.

பழையது வண்டுபோல் இரையும். எனக்குப் பதினொரு வயதில், டார்ம்ஸ்டாட் நகரில் எங்கள் வாசலில் நின்ற கரவனைக் காட்டி வகுப்புத் தோழி கேட்டாள்: "இந்தப் பழசு யாருடையது?"

"தெரியாது" என்றேன்.

கரவனுக்குள் அப்பா விளக்குப் பூட்டிக்கொண்டிருந்தார். இரைச்சல் சட்டென்று நின்றது. நான் சொன்னது கேட்டு, உள்ளே ஆளிருப்பது தெரியாமலிருக்க அவர்தான் நிறுத்தினார். அவள் போனபிறகே இறங்கி வந்தார்.

"பிள்ளை, தேத்தண்ணி இருக்கோ?" வேறெதுவும் கேட்கவில்லை.

இன்று கதவடியில் நின்று எட்டிப் பார்த்தார். "சத்தத்தைக் காணேல்லை. வேலை செய்யுதோ?"

"ஓம் அப்பா."

பற்றரியில் மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கிறது. அன்று சொன்ன பொய்க்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.