ஜன்னலோரம் வைத்த தட்டுகள்

சண்டைக் காலத்தில் நான் வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, புழு பிடிக்கும் பூஞ்சணத்தை வளர்த்துப் பட்டம் வாங்கப் பார்த்தேன். அந்தப் பூஞ்சணம் மண்ணுக்குள் சுருக்குப் போட்டு, மரக்கறிச் செடிகளின் வேரைத் தின்னும் நுண்புழுக்களைப் பிடித்துச் சாப்பிடும். கெட்டிக்காரப் பிறவிதான். ஆனால் புற ஊதாக் கதிர் பட்டால் அதன் வித்துகள் செத்துவிடும், வெயிலில் அந்தக் கதிர் நிறைய. கதிரைத் தாங்கும் வித்து ஒன்று கிடைத்தால் எனக்குப் பட்டம். வருட முடிவுக்குள் கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஆய்வுகூடத்தைக் கூட்டித் துடைக்க மட்டக்குளியிலிருந்து ஓர் அக்கா வருவார். மலைநாட்டுக்காரர். நான் சிடுசிடுத்தால் "மிஸ்ஸுக்குப் பசி" என்று சொல்லி, தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து வைப்பார். அநேகமாக அவர் சொன்னது சரியாகவே இருக்கும்.

ஒரு நாள் காலை பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகளில் இருந்த வித்துகளுக்குப் புற ஊதா விளக்கைக் காட்டி, முறைப்படி கறுப்புத் துணியால் மூடிவிட்டு, வெளியூர்த் தமிழர் எல்லாரும் வைத்திருக்க வேண்டிய தங்கும் பதிவைப் புதுப்பிக்கப் பொலிசுக்குப் போனேன். விலாசத்தில் ஏதோ பிழை என்று என்னை உள்ளே இருத்திவிட்டார்கள். வீட்டுக்கார அம்மா உடனே ஆய்வுகூடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் விட்டார்கள். அந்த மூன்று நாளைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனமில்லை.

திரும்பி வந்து துணியைத் தூக்கினால், பன்னிரண்டு தட்டிலும் வெள்ளை வெள்ளையாக முளைத்திருந்தது. பேராசிரியரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இன்னொருக்காச் செய்து பாரும்" என்றார். செய்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. மறுபடியும் செய்தேன், மறுபடியும் வெறுந்தட்டு.

சந்தேகம் வந்து அக்காவைக் கேட்டேன். "என்ர தட்டுகளைத் தொட்டனீங்களோ?"

"தொட்டேன் மிஸ். உங்கள புடிச்சிட்டாங்கன்னு போன் வந்திச்சி. ஆளு திரும்பி வராம இருக்கயில அவுங்க சாமான் மேல கறுப்புத் துணி கெடக்கக் கூடாது. அப்பவே எடுத்துட்டு, ஜன்னலோரம் வெளிச்சத்துல வச்சேன். உங்கள விட்டுட்டாங்கன்னு கேட்ட பொறவுதான் திரும்ப மூடினேன்."

"பிறகு ஏன் மூடினனீங்கள்?"

"நீங்க ஏசுவீங்கன்னுதான்."

ஏசினேன். என் பட்டத்தில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் விளக்குமாற்றைப் பிடித்தபடி கடைசி வரை கேட்டுக்கொண்டு நின்றார்.

"நீங்க வந்துட்டீங்கல்ல மிஸ்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். பாதித் தட்டுகளை இருட்டிலும் பாதியை ஜன்னலோரத்திலும் வைத்துப் பார்க்கச் சொன்னார். இருட்டில் வைத்தவை செத்தன, ஜன்னலோரம் வைத்தவை முளைத்தன. விளக்குப் பட்ட காயத்தை, கையோடு ஜன்னல் கண்ணாடி வடிகட்டி விடும் சாதாரண வெளிச்சம் கிடைத்தால் வித்து தானே ஆற்றிக்கொள்கிறது. வேறு உயிர்களில் இது தெரிந்த விசயம்தான், என் பூஞ்சணத்தைப் பற்றி நான் வாசித்த எதிலும் இருக்கவில்லை. தாங்கும் வித்து கடைசிவரை கிடைக்கவில்லை. இதை எழுதித்தான் பட்டம் வாங்கினேன்.

ஆய்வேட்டைக் கட்டி எடுத்து வந்த அன்று, அக்கா கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதை வாங்கிப் புரட்டினார். அவருக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது.

"நான் வச்சது இதுல இருக்கா மிஸ்?"

"ஓம் அக்கா, இருக்கு."

பக்கத்தை எடுத்து விரல் வைத்துக் காட்டினேன். தட்டுகள் தற்செயலாக வெளிச்சத்தில் விடப்பட்டன என்று அங்கே நான் எழுதியிருந்தேன். அவர் அந்த வரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.