சகலையின் கையில் என் தலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மொரீஷியஸ் தீவில், ரிவியேர் தே ஸாங்கீ என்னும் ஊரில் எனக்குச் சிறிது கரும்பு நிலமும், கோயில் நிர்வாகக் குழுவில் ஓர் இடமும் இருந்தன. காவடித் திருநாளில் விருந்தினர் முன் தமிழில் வரவேற்புரை வாசிப்பது, கல்லூரியில் படித்தவன் என்ற முறையில், என் உரிமையாகவே இருந்துவந்தது.

அந்நாள்களில் பிடரியில் தொடங்கி நெற்றி வரை இறுக்கும் தலைவலி என்னை விட்டு நீங்கவே இல்லை. என் மனைவியின் தங்கையை மணந்த சகலைக்கும் அதே வலி இருந்தது. அவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். ஐரோப்பாவில் பயின்று திரும்பி க்யூர்பிப் நகரில் இருந்த ஒரு வைத்தியரிடம் போய், வெந்நீர் ஒத்தடம், கழுத்தைப் பிடித்துவிடுதல், தோள் பயிற்சி என்று மருந்தே இல்லாமல் குணமாகி வந்தார். அவர் சிரித்துப் பேசி நடமாடுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அவர் சென்ற வாசலில் நானும் போய் நிற்பது என்னால் ஆகாத காரியம்.

திருநாள் நெருங்கிய சமயம், கடையில் ஒருவர் நலம் விசாரித்தார். வலியின் மிகுதியில், "மோ லாத்தேத் பா போன்" என்று தீவின் பொதுப்பேச்சான கிரியோலில் சொல்லிவிட்டேன்; 'என் தலை சரியில்லை' என்பது அதன் நேர்ப்பொருள். தலை நோகிறது என்று எண்ணியே சொன்னேன். எனக்குப் புத்தி சரியில்லை என்று ஊர் பொருள் கொண்டது. வரவேற்புரையைச் சகலையிடம் ஒப்படைக்கலாம் என்று குழுவில் பேச்சு எழுந்தது.

மறுநாள் அவரே வீட்டுக்கு வந்தார்.

"ஊர் பேசறத விடுங்க அண்ணே. எனக்கு வந்த நோவுதான் உங்களுக்கும். படுங்க."

மனைவி எதிரில் நின்றதால் மறுக்க இயலவில்லை. பாயில் படுத்தேன். தலைமாட்டில் அமர்ந்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, பிடரிக்குக் கீழே இரு கைகளையும் கொடுத்தார்.

"தலைய என் கையில விடுங்க."

"விட்டுத்தான் இருக்கிறேன்."

"எங்க விட்டீங்க? கட்டையாட்டம் நீங்களே தூக்கிப் புடிச்சிருக்கீங்க. நான் என்ன, கழட்டிக்கிட்டா போவப்போறேன்?"

மனைவி சிரித்தாள். வெகுநேரம் கழித்து என் தலையின் பாரம் முழுவதும் அவர் உள்ளங்கையில் இறங்கியது. கண் கலங்கிய பழியை ஒத்தடத்தின் சூட்டின் மேல் போட்டேன்.

திருநாள் வரை அவர் தவறாமல் வந்தார். குழுவினரிடமும், "அவருக்கு நோவு கழுத்துல, புத்தியில இல்ல" என்று சொல்லிவிட்டார். நானே வரவேற்புரை வாசித்தேன். அவர் கூட்டத்தில் நின்று கேட்டார்.

வலி போயிற்று, பொறாமை போகவில்லை: தனக்கு வரவிருந்த மேடையை எனக்குத் திருப்பித் தர அவருக்கு வாய்த்த மனம் எனக்கு வாய்க்கவில்லையே என்று இன்றும் அவர்மேல் பொறாமைப்படுகிறேன்.