சாயா நிற முட்டை

அப்போதுதான் இட்ட கோழிமுட்டையை மூடிய இமைமேல் வைத்தால், அந்த இளஞ்சூடு பைய இறங்கி, கண்ணுக்குள் தேரிக்காட்டுச் செம்மண் நிறத்தில் ஒரு வெளிச்சம் பரவும். அப்படி ஒற்றினால் கண்நோவு அண்டாது என்று உம்மா நம்பியதால், முட்டை கிடைத்த நாளெல்லாம் பள்ளிக்கூடம் போகுமுன் எனக்கு அந்த ஒற்றல் உண்டு.

திசையன்விளைச் சந்தைக்குப் போகும் சாலையில் வாப்பா சாயாக்கடை வைத்திருந்தார். வீட்டில் ஒரு செவலைக்கோழி இருந்தது. தை பிறந்ததும் அது தொண்டையை இழுத்து இழுத்துக் "கேற" ஆரம்பிக்கும். உடனே உம்மா பனையோலைக் கடகத்தில் மணல் பரப்பி முட்டையிட இடம் செய்வார். கோடை முழுவதும் முட்டை, அடை, குஞ்சு என்று முற்றம் நிறைந்திருக்கும். புரட்டாசியில் இறகு கொட்டத் தொடங்கி, ஐப்பசி மழையில் அது பாதி உரித்த கோழியாகவே நிற்கும். கடகம் காலியாகக் கிடக்கும்.

"பகலு சுருங்குனா கோழி வயிறும் சுருங்கும். தையில தானா முட்டை விடும்" என்பார் வாப்பா. உம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் கோழியைப் பிடித்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் ஒண்ணுமில்ல, தீவனந்தான் தண்டம்" என்று கீழே இறக்கிவிடுவார்.

ஒரு கார்த்திகையில், உம்மாவின் தம்பியான மாமா சவுதியிலிருந்து வருவதாகச் சேதி வந்தது. "செவலையை அறுத்து ஆணம் வச்சிருவோம்" என்றார் உம்மா. எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. கடைக்குப் போய் வாப்பாவின் பக்கத்தில் நின்று, "செவலை" என்று மட்டும் சொல்லி அழுதேன். "அழாத, பைய பாப்பம்" என்றார்.

மாமா வரும் நாள் நெருங்கிய ஒரு மழைக்காலையில் கடகத்துக்குள் முட்டை கிடந்தது.

"ஏளா, இங்கன ஓடியா! செவலை முட்டை விட்டுட்டு!" என்று உம்மா கூப்பிட்டு, அந்த மகிழ்ச்சியோடு என் கண்ணில் ஒற்றினார். கிணற்றுத் தண்ணீர்போலச் சில்லென்றிருந்தது. இஞ்சிச்சாயா வாசனையும் அடித்தது.

"சூடா இருக்கா?"

வாப்பா சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடா இருக்கும்மா" என்றேன்.

முட்டையை எடுத்தபோது உம்மாவின் விரலிலும் என் இமையிலும் சாயாக்கறை. முந்தானையால் துடைக்கத் துடைக்க, பண்ணையிலிருந்து கடைகளுக்கு வரும் வெள்ளை லெக்கான் முட்டை வெளியே வந்தது.

"எப்பம்ங்க நம்ம கோழி சாயா குடிச்சுது?"

"மழைல்லா, அதுக்கும் குளிரும்லா" என்றார் வாப்பா.

திட்டுவதற்கு வாயெடுத்த உம்மா சிரித்துச் சிரித்து ஈரக்கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். "பிள்ளை அழுவுதுன்னு முட்டைக்குச் சாயம் போட்ட ஆள எங்கயும் கண்டதில்ல. சரி, தை வரைக்கும் கெடக்கட்டும். அப்பவும் விடலன்னா கோழியோட உங்களையும் சேத்து ஆணம் வச்சிருவேன்!"

மாமாவுக்கு உவரிச் சீலாமீன் ஆணம் கிடைத்தது. தையில் வெயில் ஏறியது. செவலைக்குப் புது இறகு முளைத்தது, கொண்டை சிவந்தது. ஒருநாள் விடிந்ததும், தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேறி முட்டையும் இட்டது. உம்மா அந்த முட்டையை எனக்கு முன்னால் வாப்பாவின் கண்ணில் வைத்து, "இதுதான் முட்டை. நல்லா ஒத்திப் பாருங்க" என்றார். வாப்பா கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

இப்போது மேலப்பாளையத்தில் மாடிவீட்டில் இருக்கிறேன். பண்ணைகளில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டிவிடுகிறார்கள். அங்கே இருக்கும் கோழிக்கு ஐப்பசியும் ஒன்றுதான், தையும் ஒன்றுதான். முட்டைக்குத் தட்டுப்பாடே இல்லை. முதல் கேறலுக்காகக் காது தீட்டிக் காத்திருந்த அந்தக் காலைகள் போய்விட்டன, வாப்பாவும் போய்விட்டார். மழை பெய்யும் காலைகளில் அடுப்பில் சாயா கொதிக்கையில், குளிர்பெட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து இமைமேல் வைத்துக்கொள்வேன். சில்லென்றுதான் இருக்கும்.

"சூடா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுத் தனியாக நின்று சிரிப்பேன்.