அறுபத்தெட்டு விசைகள்

பார்சல் வந்த அன்று ஹம்சா அதை வாங்கவே மறுத்தாள். "நான் எதுவும் ஆர்டர் பண்ணலையே" என்றாள். கொண்டுவந்தவர் பெட்டியைத் திருப்பி முகவரியைக் காட்டினார். ஹம்சா ஸ்ரீவத்சன், மூன்றாவது மாடி, ராஜா அண்ணாமலைபுரம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். சின்னப் பெட்டிதான். ஆனால் செங்கல் மாதிரி கனத்தது.

பிரித்துப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அலுமினியச் சட்டம் ஒன்று, சர்க்யூட் போர்டு, பை நிறையப் பொடிப்பொடியாக ஸ்விட்சுகள், தட்டில் அடுக்கிய கரும்பச்சை எழுத்து மூடிகள். கீபோர்டு. பதினாறு மாதத்துக்கு முன்னால் அவளே ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தது.

இந்த வகைக் கீபோர்டைக் கடையில் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட முடியாது. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து பெயர் கொடுக்க வேண்டும். போதுமான ஆள் சேர்ந்தால்தான் எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்ய ஆரம்பிப்பார்கள். வந்து சேர ஒரு வருஷமும் ஆகும், ஒன்றரை வருஷமும் ஆகும்.

ஹம்சாவுக்கு வயது நாற்பத்தாறு. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிவைக்கும் குறிப்புகளைக் காதில் கேட்டு எழுத்தாக்குவது வேலை. இப்போதெல்லாம் முதல் படியைக் கணினியே எழுதிவிடுகிறது. அது செய்கிற தப்பைத் திருத்துவது அவள் பொறுப்பு. காலுக்குக் கீழே ஒரு பெடல், காதில் ஹெட்போன், விடிகாலை ஐந்து மணியிலிருந்து மத்தியானம் ஒரு மணி வரை. பத்தொன்பது வருஷமாக இதுதான்.

பெரிய கீபோர்டின் வலது பக்கத்து எண் கட்டைகளைத் தாண்டித்தாண்டி மவுஸைப் பிடித்ததில் அவளுக்குத் தோள்பட்டை போயிருந்தது. குட்டையான கீபோர்டாகப் பார்க்கச் சொன்னார்கள். அவளும் இணையத்தில் தேடித்தேடி, இந்தக் கீபோர்டுப் பைத்தியம் பிடித்தவர்களின் குழுவில் போய் விழுந்தாள். ஸ்ரீவத்சன், அவள் கணவன், மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். ஸ்கேலை வைத்து மேஜையை அளந்து கொடுத்தது அவன்தான்.

"மொத்தமே அறுபத்தெட்டுதானா? நம்மாத்துல இருக்கறதுல நூத்திநாலு இருக்கே. குறைச்சுக் குடுக்கறதுக்கா ஒன்றரை வருஷம்?"

"சத்தம் வராத ஸ்விட்ச் போடச் சொல்லியிருக்கேன். காலம்பற நீங்க தூங்கலாம்."

"அப்போ சரி" என்றான்.

பார்சல் வந்தபோது ஸ்ரீவத்சன் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. சாயங்காலம் நடக்கப் போனவன் கிரீன்வேஸ் சாலை ஓரத்தில் விழுந்தான். யாரோ ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஹம்சா போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த அறிக்கையை நின்றபடியே படித்தாள். மூன்றாவது வரியில் ஆணைப் பெண்ணாக்கி எழுதியிருந்தது. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அடித்து, மேலே திருத்தி எழுதி, "இதைச் சரிபண்ணி வேற குடுங்கோ" என்று திருப்பிக் கொடுத்தாள். கவுன்டரில் இருந்த பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹம்சா அழவில்லை. பத்தாம் நாளும் அழவில்லை. ஸ்ரீவத்சனின் அக்கா விஜயலக்ஷ்மி, திருவான்மியூரில் இருப்பவள், அவள் காதுபடவே சொன்னாள்: "கல்லு மாதிரி உட்கார்ந்துண்டிருக்கா, பாரு." ஹம்சாவுக்கு அதில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. யாரோ யாரைப் பற்றியோ சொல்வது போலத்தான் இருந்தது. அதற்கப்புறம் விஜயலக்ஷ்மி அதிகமாக ஃபோன் பண்ணுவதில்லை. இவளும் பண்ணவில்லை.

பதின்மூன்றாம் நாள் கழிந்து அடுத்த திங்கட்கிழமை வேலையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரு தப்புகூடச் செய்யவில்லை. முன்பெல்லாம் மாதத்துக்கு நாலைந்து வரும், எல்லோருக்கும் வரும். இப்போது மாதாமாதம் பூஜ்யம். அடையாறு அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருந்த கீர்த்தி, பாராட்டுக் கடிதம் ஒன்று அனுப்பினாள். ஹம்சா அதைத் திறந்து, அதில் ஒரு கமா விட்டுப்போயிருப்பதைக் கவனித்து, மூடினாள்.

கீபோர்டுப் பெட்டி இரண்டு மாதம் அரிசி டப்பா பக்கத்தில் கிடந்தது. அதைத் தேர்ந்தெடுத்தவள் யாரோ, அவளுக்கு இதெல்லாம் பிடித்திருந்தது போலிருக்கிறது, அவ்வளவுதான் தோன்றியது. பிறகு பழைய கீபோர்டில் ஒரு எழுத்து விழாமல் போயிற்று. ஓங்கிக் குத்தினால்தான் விழுந்தது. புதிதாகக் கடையில் ஒன்று வாங்கலாம். ஆனால் அதற்குக் கிளம்புவதைவிட வீட்டில் இருப்பதைப் பூட்டிக்கொள்வது சுலபம் என்று பட்டது. குழுவில் கேட்டாள். தி. நகரில் முதஸ்ஸிர் என்று ஒருவர் இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்றார்கள்.

முதஸ்ஸிர் காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்ப்பவன். உஸ்மான் சாலைக்குப் பின்தெருவில் முதல் மாடியில் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் கீபோர்டு பூட்டித் தருவான். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"இன்னா மேடம், ரெண்டு மாசமா இத்த அப்டியே வெச்சினு இருந்தீங்களா? இந்தக் கலரு இப்போ கேட்டாலும் கெடைக்காது." பையை எடுத்துக் குலுக்கினான். "சைலன்ட் ஸ்விட்ச். ஊட்டுல கொழந்தை கீதா? ஏன் இத்தப் போட்டீங்க?"

"இல்ல. யாரும் இல்ல."

அவன் பையைக் கீழே வைத்தான். ஒரு சின்னப் பலகையை எடுத்து முன்னால் வைத்தான். அதில் நாலு ஸ்விட்ச், நாலு விதம். "அமுக்கிப் பாருங்க. எது புடிக்குதோ அத்தப் போட்டுக்கலாம்."

அமுக்கினாள். ஒன்று வழுக்கிக்கொண்டு இறங்கியது, ஒன்று பாதி வழியில் முட்டியது, ஒன்று டிக்கென்றது, ஒன்று சத்தமே இல்லை. "எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்றாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

"ஒரு வாரம் ஊட்டுல வெச்சுப் பாருங்க மேடம்."

கொண்டுபோய் மேஜை ஓரத்தில் வைத்தாள். அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. எதிர்க் கட்டிடத்தில் இடித்துக்கொண்டிருந்தார்கள், வீடெல்லாம் சிமென்ட் தூசி. அடுத்த ஞாயிறு பலகையைத் திருப்பிக் கொடுத்து, "தெரியலை. எதையாவது போட்டுடுங்கோ" என்றாள். முதஸ்ஸிர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தான். மூன்று மூடிகள் மேல் தூசி படிந்திருந்தது. நாலாவது பளிச்சென்று இருந்தது.

"இத்தத்தான் அமுக்கினு இருந்துக்கீறீங்க."

பாதி வழியில் முட்டுகிற ஸ்விட்ச் அது. ஓரளவு சத்தமும் போடும். எப்போது அமுக்கினாள்? ஆடியோ ஏறுவதற்காகக் காத்திருக்கும்போது இடது கை சும்மா இருந்திருக்காது. அவளுக்குத் தெரியவே இல்லை. அவன் சைலன்ட் பையை எடுத்துக்கொண்டு, இந்த ஸ்விட்சில் அறுபத்தெட்டு எண்ணிக் கொடுத்தான். கூடவே ஒரு மெல்லிய பிரஷ், ஒரு குப்பி கிரீஸ். ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே தண்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் லேசாகத் தடவி மூட வேண்டும், அப்போதுதான் கரகரக்காது என்றான். "நான் பண்ணிடுவேன், நாளாவும். நீங்களே பண்ணா இன்னா?"

அவளே பண்ணினாள். மூன்று சாயங்காலம், சாப்பாட்டு மேஜையில். திற, எடு, தடவு, மூடு. ஐம்பதைத் தாண்டியபோது எவ்வளவு முடிந்தது என்பதே மறந்துபோய் மறுபடி எண்ணினாள். அலுப்பும் தெரியவில்லை, நிறைவும் தெரியவில்லை. நேரம் போயிற்று.

பூட்டி முடித்தபோது முதஸ்ஸிர் கடைசியாகக் கேட்டான். "இந்த வலது மூலைல ஒரு கீ சும்மா கீது மேடம். இதுல ஒரு முழு சென்டென்ஸையே போட்டு வெக்கலாம். ஒரு தட்டு, மொத்தமும் வந்துடும். எந்த வரிய ஜாஸ்தி டைப் பண்றீங்க?"

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது வரும். ஆங்கிலத்தில் நாலே சொல். அவள் சொன்னாள், அவன் அடித்துக்கொண்டே, "அப்டீன்னா இன்னா அர்த்தம்?" என்றான்.

"நோயாளி நெஞ்சு வலி இல்லைன்னு சொல்றார்."

ஸ்ரீவத்சன் விழுந்த அன்று ஐந்தேகால் மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். ஒரு ஆள் வராததால் ஹம்சா அன்று சாயங்காலமும் வேலையில் இருந்தாள். ஒரு காது ஹெட்போனை மட்டும் நகர்த்திக்கொண்டு பார்த்தாள். அவன் சட்டைக்குள் கையை விட்டு மார்பைத் தடவிக்கொண்டிருந்தான். "நெஞ்சு வலிக்கறதா?" என்று கேட்டாள். "அதெல்லாம் இல்ல, வாயு. கேன்டீன்ல போண்டா சாப்பிட்டேன்." சரி என்று ஹெட்போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள். ஏழு மணிக்கு நடக்கப் போனான். பத்தொன்பது வருஷமாக அந்த வரியைக் கேட்டுக் கேட்டு எழுதியவள், அவன் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொண்டாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதஸ்ஸிரிடமும் சொல்லவில்லை. கீபோர்டைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

புதுக் கீபோர்டு கைக்கு அடங்க இரண்டு வாரம் ஆயிற்று. தோள் வலி குறைந்தது. அறையில் யாரும் தூங்கவில்லை, ஐந்து மணிக்குக் கட்டைகள் மழை மாதிரி கொட்டின. மூன்றாவது வாரம் புதன்கிழமை கீர்த்தி ஃபோன் பண்ணினாள்.

"ஹம்சாக்கா, ஒரு ஃபைல் திரும்பி வந்திருக்கு. அம்பத்தெட்டு வயசு ஆளு, நெஞ்சு வலின்னுதான் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்காரு. நீங்க ரெண்டாவது பாராவுல நெஞ்சு வலி இல்லைங்கறாருன்னு போட்டிருக்கீங்க."

ஹம்சா ஃபைலைத் திறந்தாள். ஆமாம். அழிக்கிற விசைக்குப் போன சுண்டுவிரல் மூலை விசையில் பட்டிருக்கிறது. நாலு சொல் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. அவள் கண் அதன் மேல் போய்த் திரும்பியிருக்கிறது. வழக்கமான வரி, அதனால் பார்க்கவில்லை.

"ஒண்ணும் ஆகலை, இங்கேயே புடிச்சுட்டோம். டாக்டருக்குப் போகலை" என்றாள் கீர்த்தி. "அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

ஹம்சாவின் முகமும் காது மடலும் தீப்பட்ட மாதிரி சுட்டன. என்னவோ செய்கிறதே என்று பயந்துபோய்க் கன்னத்தில் கையை வைத்துப் பார்த்தாள். வெட்கம் அது. அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வலிக்கறதுன்னு அவர் சொல்லியிருக்கார், கீர்த்தி" என்றாள். "சொல்லியிருக்கார். நான் இல்லைன்னு எழுதிட்டேன்."

"அதான் திருத்திட்டோமேக்கா." பிறகு, கொஞ்சம் தயங்கி, "நாளைக்கு லீவு போடுங்க. பதினோரு மாசமா நீங்க ஒரு நாள்கூட எடுக்கலை" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

அன்று மத்தியானமே முதஸ்ஸிரைக் கூப்பிட்டு, அவன் சொல்லச்சொல்ல அந்த வரியை மூலை விசையிலிருந்து எடுத்தாள். மறுநாள் காலை பழக்க தோஷத்தில் நாலரைக்கு எழுந்து, குளித்து, என்ன செய்வதென்று தெரியாமல் எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு பஸ் ஏறித் திருவான்மியூர் போனாள்.

விஜயலக்ஷ்மி கதவைத் திறந்து, ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். "வா" என்றாள். கூடத்தில் தரையில் பீன்ஸ் பரப்பி வைத்து நறுக்கிக்கொண்டிருந்தவள், மறுபடி போய் உட்கார்ந்தாள். ஹம்சா எதிரில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தால் எழுந்து போய்விடுவோம் என்று தோன்றியது.

"அக்கா, அன்னிக்கு ஆத்துக்கு வந்ததும் நெஞ்சைத் தடவிண்டார். வலிக்கறதான்னு கேட்டேன். இல்லை, வாயுன்னார். நான் திரும்பி வேலையைப் பார்த்துண்டிருந்துட்டேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எத்தனை ஆயிரம் எழுதியிருக்கேன்."

கத்தி நின்றது. "எத்தனை மணிக்கு?"

"அஞ்சேகால்."

விஜயலக்ஷ்மி கையிலிருந்த பீன்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எங்கிட்ட ஆறரைக்குச் சொன்னான். நான்தான் ஃபோன் பண்ணினேன். என்னடா மூச்சு வாங்கறதுன்னேன். கீழே போய்ட்டு மாடி ஏறினேன், கொஞ்சம் நெஞ்சைக் கரிக்கறதுன்னான். ஓமத்தை வெந்நீர்ல போட்டுக் குடிச்சுட்டு ஒரு நடை போய்ட்டு வான்னேன்." நிறுத்தினாள். "போய்ட்டு வான்னு நான்தான் சொன்னேன்."

"எங்கிட்ட சொல்லலையே நீங்க."

"நீ சொன்னியா?"

வெளியே கேஸ் வண்டிக்காரர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"உன்னைப் பார்த்தா வாய்தவறிச் சொல்லிடுவேனோன்னு பயம்" என்றாள் விஜயலக்ஷ்மி. "அதான் ஃபோன்கூடப் பண்ணலை. உனக்கு அழுகை வரலையேன்னு கோபப்பட்டுண்டே இருந்தா என்னோடதை நினைக்க வேண்டாம் பாரு." புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஹம்சா அவள் முழங்காலில் கை வைத்தாள். அவளுக்கு அப்போதும் கண்ணீர் வரவில்லை. ஆனால் அந்த முழங்கால் ஆடுவது உள்ளங்கையில் நன்றாகத் தெரிந்தது. கையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஹம்சா கத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கறிக்கா, உசிலிக்கா?"

"உசிலிக்கு." விஜயலக்ஷ்மி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பொடியா நறுக்கு. பருப்பு ஊறிண்டிருக்கு. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

"சரி" என்றாள் ஹம்சா.