வீட்டு வண்டி

அந்த மெக்கானிக்குக்கு ‘இன்னொருதரம்’ என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் வாடிக்கையாளர்கள். நட்டை முறுக்குவான், நகர்வான், திரும்பி வந்து இன்னொருதரம் முறுக்கிப் பார்ப்பான். வண்டிக்காரர் வாசலில் கால் மாற்றி மாற்றி நின்றாலும் அசைந்து கொடுக்கமாட்டான். அப்பேர்ப்பட்டவன் சொந்த அக்காவின் காரில் கோட்டைவிட்டான் என்றால் யார் நம்புவார்கள்?

அக்கா பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைப்பவள். கணவர் போன பிறகு அவள் வீட்டில் அடுப்பெரிய வைத்தது அந்தப் பழைய கார்தான். “என் தம்பி பாத்துட்டான்னா அப்புறம் யாரும் பாக்க வேண்டாம்” என்று பிள்ளைகளின் பெற்றோரிடம் பீற்றிக்கொள்வாள்.

ஒருநாள், “டைமிங் பெல்ட்டக் கொஞ்சம் பாத்துடுடா” என்று வண்டியை விட்டுப் போனாள். இன்ஜினுக்குள் ஓடும் பாகங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் நேரம் பிடித்துக் கொடுக்கும் ரப்பர் பெல்ட் அது. முழுசாகப் பார்ப்பதென்றால் சக்கரத்தைக் கழற்றி, இன்ஜினுக்கு முட்டுக்கொடுத்து, கீழ்மூடிவரை பிரிக்க வேண்டும். அன்று வேலை தலைக்கு மேல் கிடந்தது. வெளியாள் வண்டியைத் தள்ளிப்போட்டால் சண்டைக்கு வருவான், அக்கா வருவாளா? வீட்டு வண்டி என்றாலே இந்தத் தொழிலில் எல்லாருக்கும் இளப்பம்தான். மேல்மூடியை மட்டும் நெம்பித் திறந்து, டார்ச் அடித்து, பெல்ட்டின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்தினான். விரிசல் இல்லை. மூடிவிட்டான்.

“பாத்துட்டேன்க்கா. தாராளமா ஓட்டு.”

ஒரு மாதம் கழித்து அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மேம்பால ஏற்றத்தில் இன்ஜின் பட்டென்று நின்றிருக்கிறது. பின்னால் வந்த லாரி மயிரிழையில் ஒதுங்கிப் போயிருக்கிறது. உள்ளே பிள்ளைகள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அக்காவும் காரோடு வந்து இறங்கினாள்.

கீழ்மூடியைக் கழற்றி டார்ச் அடித்தான். ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் கசிந்து, அந்த ஆயில் பெல்ட்டின் உள்பக்கத்தை ஊறவைத்து, பற்களை மழுங்க மழித்துவிட்டிருந்தது. இன்று நேற்றுக் கசிவல்ல அது. அன்றைக்கே இந்த மூடியைத் திறந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். இப்போது உள்ளே வால்வுகளும் முட்டி வளைந்து போயிருக்கும்.

“ஏத்தத்துல நான்தான் கியரத் தப்பாப் போட்டுட்டேனாடா?” என்று கேட்டாள் அக்கா.

சும்மா தலையாட்டினால் போதும், கதை முடிந்தது. அவன் மனசு ஒரு நொடி அந்தப் பக்கம் சாயத்தான் செய்தது. அவள் முகத்தைப் பார்த்தபோது முடியவில்லை.

“நீ ஒண்ணும் பண்ணலக்கா. நான்தான் அன்னிக்கு ஒழுங்கா பாக்கல. மேலாப்புல பாத்துட்டு மூடிட்டேன்.”

கத்துவாள், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள் என்று நினைத்தான். அவள் காரின் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ பாத்துட்டேன்னு சொன்னதாலதானே பிள்ளைங்கள ஏத்துனேன்.”

நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

மற்ற வண்டிகளையெல்லாம் தெருவில் தள்ளிவிட்டு அக்காவின் காரை எடுத்தான். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கி வால்வுகளை மாற்றினான். புது சீல், புது பெல்ட், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் புது டென்ஷனர். சாப்பாட்டு நேரத்தில்கூட ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. அக்கா தினமும் வந்தாள். காலி ஆயில் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மூடிகளை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, அணைத்தான். சத்தம் சுத்தமாக இருந்தது.

“முடிஞ்சுதுக்கா. எல்லாம் சரியா இருக்கு” என்று சாவியை நீட்டினான்.

முன்பெல்லாம் இந்த வார்த்தை காதில் விழுந்ததுமே சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இப்போது கை நீட்டவில்லை. எழுந்து வந்து காருக்கு முன்னால் குனிந்தாள்.

“மூடியக் கழட்டு. நான் பாக்கணும்.”

அவன் கீழ்மூடிவரை கழற்றி, அவளுக்கு டார்ச் அடித்தான்.